உரித்த மரம் சும்மா இருக்காது

மூடியிருப்பதை நீக்கிவிட்டால் உள்ளே இருக்கும் மெய் தானாகத் தெரிந்துவிடும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. வடலூர் சத்திய ஞான சபையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வள்ளலார் எழுப்பிய அந்தச் சபை 1872இல் வழிபாட்டுக்கு வந்தது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகள். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக, சோதி தெரியும். நெருக்கியடிக்கும் கூட்டத்தில் நின்று அந்தத் தரிசனத்தைக் கண்டிருக்கிறேன். கடைசித் திரை விலகும்போது அத்தனை கூட்டமும் மூச்சடங்கி நிற்கும். ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே திரைகளை யாரும் கிழித்தெறிவதில்லை. விலக்குகிறார்கள், பிறகு மறுபடி மூடுகிறார்கள். அவற்றை அங்கே தொங்கவிடச் செய்தவரும் அதே வள்ளலார்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்பு. பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டுச் சிவஞான போதத்துக்குள் நுழைவது எளிதாக இல்லை. பன்னிரண்டே நூற்பா, ஒவ்வொன்றிலும் நாள் கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு வகுப்பில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, ஆணவம், கன்மம், மாயை மூணும் போயிடுச்சுன்னு வைங்க. அப்புறம் ஆன்மா தனியா எப்படி இருக்கும்?” வகுப்பெடுத்தவர், “தனியா இருக்காதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். கேட்டவருக்கு அது பதிலாகவே படவில்லை. அன்று எனக்கும் படவில்லை. எனக்கு அது விளங்கியது ஒரு பழைய மேசையின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்குவாளியும் ரவிவர்மா படமும் உடைந்த தூண்தலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நகரத்தார் பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன காலத்தில் கப்பல் கப்பலாக வந்த தேக்கில் செய்தவை பல. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் குலைந்தது. பின்னாளில் பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவாகிப் பூட்டிக் கிடந்தன. உள்ளே இருந்தவை மெல்ல மெல்லக் கடைக்கு வந்தன. அங்கே ஒரு கணக்குப்பிள்ளை மேசை கண்ணில் பட்டது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதும் உயரம், சரிந்த மூடி, மூடியைத் தூக்கினால் பேரேடு வைக்கிற பெட்டி. எனக்கு வேண்டியதும் அதுதான், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து படிக்க ஒரு பலகை. மேலே கெட்டியாகப் பச்சை எனாமல். பெட்டிக்கடைக் கதவுக்கு அடிக்கும் அந்தப் பச்சை. மூலையில் கொஞ்சம் பெயர்ந்த இடத்தில் மரத்தின் ரேகை தெரிந்தது. விலை பேசி எடுத்து வந்துவிட்டேன்.

பெயிண்டை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை, இது தத்துவம் இல்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். பழைய பச்சைகளில் பல, ஈயம் கலந்த குரோம் மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துச் செய்தவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த பெயிண்டின் மேல் உப்புத்தாளைத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நான் பின்கட்டில் காற்றோட்டமான இடத்தில் மேசையைப் போட்டேன், பேரனை அந்தப் பக்கம் விடவில்லை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ரிமூவரைத் தூரிகையால் அப்பினேன். கொஞ்ச நேரத்தில் எனாமல் சுருங்கி எழும்பியது. மழுங்கிய தகட்டால் ரேகை போன போக்கில் வழித்தேன். கடைசல் வேலை இருந்த கால்களுக்கு மூங்கில் சிம்பும் பழைய பல்துலக்கியும்தான் சரிப்பட்டன. மிச்சத்தை வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்தேன். வழித்ததை எல்லாம் செய்தித்தாளில் சுருட்டிப் பையில் கட்டினேன்.

பச்சைக்கு அடியில் நீலம் இருந்தது. நீலத்துக்கு அடியில் காவி. காவிக்கு அடியில் கறுத்துப்போன பழைய மெருகு. மூடியின் மேல்விளிம்பில், நடுவில், பச்சையைத் தடவும்போது விரலில் ஒரு சின்ன மேடு தட்டியது. ரிமூவர் பட்டுப் பச்சை உரிந்ததும், நீலத்தின் மேல் வட்டமாகச் சந்தனப் பொட்டு, நடுவில் மங்கிய குங்குமக் கறை. சரஸ்வதி பூஜைக்கு வைத்தது. பெயிண்டர் அதைத் துடைக்காமல் மேலேயே அடித்துவிட்டிருக்கிறார். நீலத்தையும் எடுத்தேன். காவியின் மேல், கிட்டத்தட்ட அதே இடத்தில், இன்னொரு பொட்டு. அதற்கும் அடியில் பழைய மெருகில் ஒரு தழும்பு. நிறம் மாறியிருக்கிறது, ஒருவேளை வீடும் கையும் மாறியிருக்கின்றன. பொட்டு வைத்த இடம் மட்டும் மாறவில்லை. கையில் தகட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மேசையின் ‘அசல்’ அடியில் இருக்கும் மரம்தான் என்றால், இத்தனை பேர் ஆண்டுதோறும் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தியது என்ன?

எங்கள் தெரு ஆசாரி ஒரு நாள் வந்து பார்த்தார். இழைப்புளியும் உளியும் வைத்துப் பிழைக்கிறவர். என் வீட்டுக் கதவுகளெல்லாம் அவர் கைவேலை. குனிந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, “நல்ல சரக்கு டீச்சர்” என்றார். பிறகு சொன்னார்: “உரிக்கிறது பெரிசில்ல. உரிச்ச மரம் சும்மா இருக்காது. கை வேர்வை, எண்ணெய், மழைக்காத்து, எது கெடைச்சாலும் குடிக்கும். அதுக்கு என்ன குடுக்கப் போறோம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறமா உரிங்க.”

உயிரியல் படித்தவளுக்கு இது புதிதல்ல. வெட்டிக் காய்ந்த மரம் என்பது வெற்றுக் குழாய்களின் கட்டு. செத்த பிறகும் அது காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஐப்பசியில் இழுப்பறை இறுகுவதும் பங்குனியில் தளர்வதும் அதனால்தான். மூடலே இல்லாமல் ஒரு பலகையை வீட்டில் வைத்தால் அது தூய்மையாக இருப்பதில்லை. சாம்பார்க் கையும் விளக்கெண்ணெயும் தூசியும்தான் அதன் நிறமாகும். ஆனால் ஆசாரி சொன்ன விதத்தில் சொன்னபோது, வகுப்பில் காதில் விழுந்து உள்ளே இறங்காமல் நின்ற பாடம் இறங்கியது.

சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் தனி இலக்கணம் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. எதைச் சார்கிறதோ அதன் நிறமாக ஆவது. ஆணவம், கன்மம், மாயை என்னும் பாசத்தைச் சார்ந்தால் பாசமாக நிற்கும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாக விளங்கும். இரண்டையும் விட்டு நடுவே தனியே நிற்கும் நிலை என்று ஒன்று அதற்குக் கிடையாது. வகுப்பெடுத்தவர் சொன்ன ‘தனியா இருக்காதுங்க’ பாதிப் பதில் அல்ல. முழுப் பதிலே அதுதான். ‘எல்லாம் போன பிறகு நான் தனியாக என்ன?’ என்று கேட்பது, பூசாத மேசை நடுக்கூடத்தில் எந்தக் கையும் படாமல் இருக்கும் என்று எண்ணுவதற்குச் சமம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சித்தாந்தம் நம் பழக்கத்தையே திருப்பிப் போடுகிறது. உடலும் கருவிகளும் உலகமும் இல்லாமல் உயிர் ஆதியில் இருந்த நிலைக்குக் கேவலம் என்று பெயர். மேலே எதுவும் பூசப்படாத நிலை. அதுதான் தூய்மை என்று எண்ணத் தோன்றும். சித்தாந்தம் அதை முழு இருள் என்கிறது. அங்கே உயிரோடு ஆணவம் ஒன்றே இருக்கிறது. அறிவு இல்லை, விருப்பு இல்லை, செயல் இல்லை. அந்த இருளில் கிடக்கும் உயிரின் மேல் இரக்கம் கொண்டு இறைவன் மாயையிலிருந்து உடலையும் உலகையும் தருகிறான். விடியும்வரை ஏற்றிவைத்த விளக்குப்போல அது கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. அதாவது மேலே பூசப்பட்டது பகை அல்ல, உதவி. கேடு மேலே இல்லை, செம்பில் களிம்புபோல உயிரோடு கூடவே இருக்கிறது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இதை இன்னும் கூர்மையாக வைக்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதைக் காட்டிவிடும். ஆணவமோ தன்னையும் காட்டாது. பச்சைப் பெயிண்ட் கண்ணுக்குத் தெரிகிற மூடல். தெரிகிற மூடலைச் சுரண்டிவிட்டு ‘அசலுக்கு வந்துவிட்டேன்’ என்று நிமிர்கிறோமே, அந்த நிமிர்வில்தான் தெரியாத மூடல் இருக்கிறது.

எனக்கு வேதாந்தத் தோழி ஒருத்தி உண்டு, கல்லூரிக் காலத்திலிருந்து. அவள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். “கயிற்றைப் பாம்புன்னு நெனச்சோம். வெளக்கக் கொண்டுவந்தா பாம்பு இல்ல. அவ்வளவுதான்டி. உரிக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு?” என்பாள். அவள் சொல்வதில் ஒரு பேரழகு உண்டு, மறுக்கவில்லை. அறிந்த கணத்திலேயே விடுதலை. ஆனால் என் அனுபவம் வேறாக இருக்கிறது. பச்சைக்கு அடியில் தேக்கு என்று கடையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததால் ஒரு துணுக்குப் பெயிண்ட்கூட உதிரவில்லை. கோபக்காரி என்று என்னை நான் அறிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று, கோபம் இருக்கிறது. ஆணவம் முதலிய மலம் என்பது வெறும் தவறான எண்ணம் அல்ல, ஒரு பொருள் என்று சைவ ஆகமங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். கண்ணில் படலம் விழுந்தவனுக்கு ‘உனக்குப் படலம் இருக்கிறது’ என்று சொன்னால் போதாது, வைத்தியர் கை வைக்க வேண்டும். அதனால்தான் தீக்கை, அதனால்தான் சரியையும் கிரியையும். கோயில் வாசல் பெருக்குவதும் பூத்தொடுப்பதும் ஞானத்துக்குக் கீழ்ப்படி என்று ஒதுக்கும் படித்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கை செய்யாததை அறிவு மட்டும் செய்துவிடாது.

கை செய்யும் வேலைக்கும் ஒரு மலம் தேவைப்படுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வண்ணானைக் காட்டுகிறார். துணி அழுக்கு. அதைப் போக்க அவன் சாணியையும் உவர்மண்ணையும் அதன்மேல் ஏற்றுகிறான். பார்க்கிறவனுக்கு அழுக்கு கூடியதாகவே தோன்றும். பிறகு இரண்டும் சேர்ந்து போகும். இறைவன் மாயை என்னும் மலத்தைக் கொடுத்து ஆணவ மலத்தைக் கழிப்பது அப்படித்தான். ரிமூவரின் நெடி மூக்கில் ஏறிய மாலைகளில் இந்தப் பாடலை நினைத்துக்கொண்டேன். அந்தத் திரவமும் நஞ்சுதான். அதுவும் மரத்தில் தங்கிவிடாமல் கழுவி எடுக்க வேண்டியதுதான்.

பெயிண்ட் முழுக்கப் போனதா என்றால், இல்லை. தேக்கின் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் அவை வரிசையாக நிற்கும். அந்தத் துளைகளுக்குள் பச்சை இறங்கியிருந்தது. மூடியைச் சாய்த்துப் பார்த்தால் பொன்னிற மரத்தில் ஊசிமுனை ஊசிமுனையாகப் பச்சைப் புள்ளிகள். ஆசாரி ஒரு சுற்று இழைத்துவிடலாமா என்றார். இழைத்தால் புள்ளி போகும். பொட்டுத் தழும்பும் போகும், மரமும் ஒரு சுற்று குறையும். வேண்டாம் என்றேன். முத்தியிலும் ஆணவம் அழிந்தொழிவதில்லை, அதன் சக்தி அடங்கிக் கிடக்கிறது என்பது சித்தாந்தத்தின் துணிபு. மற்ற சமயத்தார் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது மிகுந்த ஆறுதல். முழுக்கக் கழுவித் துடைத்த பிறகுதான் அருளுக்குத் தகுதி என்றால் என்னைப் போன்றவர்களுக்கு வழி ஏது?

இத்தனைக்கும், அடியில் இருக்கும் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அடுக்குதான். ஆண்டுக்கு ஒரு வளையம் மேலே மேலே ஏறியது. வைரம் பாய்ந்த மரம் என்று போற்றுகிறோமே, அந்த வைரத்தில் உயிருள்ள செல் இல்லை. உயிர் வெளிப்புற வெள்ளை மரத்திலும் பட்டைக்கு அடியிலும் இருக்கிறது. வெள்ளை மரம் செத்து, அதன் துளைகளில் மரத்தின் சாறுகள் படிந்து இறுகித்தான் வைரம் ஆகிறது. கரையானைத் தேக்கு தாங்குவது அந்தப் படிவால். ஆக, உறுதி என்பதே வந்து சேர்ந்ததுதான். வைரத்தையும் கடந்து நட்ட நடுவுக்குப் போனால் அங்கே மெத்தென்ற ஒரு தண்டு. அதைத் தச்சர்கள் பலகைக்கு எடுப்பதே இல்லை.

மேசைக்கு அவலரக்கு மெருகு கொடுத்தேன். அரக்கு ஒரு சிறு பூச்சியின் கசிவு. ஜார்க்கண்ட் காடுகளில் புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளையில் அது வளர்கிறது. அந்த அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிதாக, ஒன்று காய்ந்த பின் ஒன்றாகத் தடவ வேண்டும். இதுவும் ஒரு மூடல்தான். ஆனால் எனாமல் மரத்தை மறைத்துத் தன்னைக் காட்டியது. அரக்கு ஏறஏற மரம் தெளிந்தது, அதுவரை மங்கலாக இருந்த ரேகையெல்லாம் எழுந்து வந்தது. திருவருளைச் சார்ந்த உயிர் இல்லாமல் போவதில்லை, அப்போதுதான் தன் இயல்பு விளங்க நிற்கிறது என்று வகுப்பில் கேட்டதை நான் கண்ணால் கண்டது அங்கேதான். பச்சைப் புள்ளிகளும் அங்கேயே இருக்கின்றன, தேடினால்தான் தெரியும். மூடியின் உட்புறத்தை மட்டும் உரிக்கவில்லை. அங்கே பச்சை அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடித்தவரும் இந்த மேசையைக் காப்பாற்றத்தான் அடித்தார்.

நான் தஞ்சாவூர்க்காரி. இதை எழுதும்போது பெரிய கோயிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்னார். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை, திரிபுரம் எரித்த பெருமான் எல்லாம் வெளிவந்தன. சோழர் ஓவியம் வேண்டும் என்றால் நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்திருக்கலாம், ஊரில் பலர் கைதட்டியும் இருப்பார்கள். தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர்கள் அப்படிச் செய்யவில்லை. மேலடுக்கைக் கிழியாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். இன்று இரண்டும் இருக்கின்றன. நாயக்கர் காலத்து ஓவியனும் அதே ஈசனுக்குத்தான் வண்ணம் தீட்டினான். அவன் பக்தியை மலம் என்று வழித்தெறிய நமக்கு என்ன உரிமை?

எல்லாக் கோயிலுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. திருப்பணி என்ற பெயரில் கல்லின் மேல் மணலைப் பீய்ச்சி அடிக்கும் ‘சேண்ட் பிளாஸ்டிங்’ எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்க் கல் புதுசுபோல வெளுக்கும். கூடவே கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் நகை வேலையும் போகும். மேல்தோல் போன கல் சொரசொரத்து, எண்ணெயையும் ஈரத்தையும் முன்னைவிட வேகமாகக் குடிக்கும். உரித்த கல்லும் சும்மா இருக்காது.

உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தால், திருப்பணிக் குழுக் கூட்டத்துக்கு ஒருவராவது போங்கள். எதைக் கொண்டு சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள். மணல் வீச்சு அறநிலையத் துறை தடை செய்த முறை. வாயால் கேட்டது போதாது, எழுதிக் கையெழுத்திட்டுச் செயல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்கிவிடுங்கள்.